பழைய கடை 78 இசைத்தட்டுகள்: எதை எடுப்பது, எப்படிக் கழுவுவது, எதில் போட்டுக் கேட்பது?

பெட்டிச்சாவி கேட்டது:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு மரப்பெட்டி நிறைய 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கிராமபோன் இசைத்தட்டுகள்) கிடக்கின்றன. எண்ணியதில் 130க்குக் கொஞ்சம் குறைவு. நாலைந்து 12 அங்குலம், மற்றதெல்லாம் 10 அங்குலம். பாதிக்கு மேல் நாய் மார்க் எச்.எம்.வி., பிறகு கொலம்பியா, ஓடியன், கொஞ்சம் ட்வின். 1950களின் சினிமாப் பாட்டுதான் அதிகம். ராகம், தாளம் அச்சடித்த கர்நாடக சங்கீதத் தட்டுகள் இருபது இருக்கலாம். 'வள்ளி திருமணம்' நாடக செட் ஒன்று, பெட்டியில் இருப்பது மூன்று தட்டு. ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வழவழவென்று ஒரு தட்டும் உண்டு. ஆங்கிலத் தட்டுகளும் பத்துப் பதினைந்து.

தனித்தனியாக எடுத்தால் 200 ரூபாய், மொத்தமாக அள்ளினால் தட்டுக்கு 90 என்கிறார் கடைக்காரர். பலதில் வெள்ளைப் பூஞ்சை. என்னிடம் இருப்பது 33, 45 சுற்று வேகங்களில் மட்டும் ஓடும் டர்ன்டேபிள், எல்.பி. (பிற்கால லாங் பிளே தட்டு) ஊசி. அள்ளலாமா, பொறுக்கலாமா? கழுவுவது எப்படி? இந்த டர்ன்டேபிளை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

*

ஊசிமுனை:

பொறுக்குங்கள். 78 தட்டில் வயது விலையாகாது. எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை முறை ஓட்டினார்கள், இன்றைக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் விலை. 1950களின் சினிமாப் பாட்டுகள் கல்கத்தா டம் டம் இசைத்தட்டு ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தவை. எந்தப் பழைய கடையிலும் முதலில் கையில் படுவது அவைதான். பிடித்த பாட்டு, சுத்தமான பிரதி என்றால் எடுங்கள். 'பழசு' என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

கடையில் உட்கார்ந்தே செய்ய வேண்டியது விரிசல் சோதனை. தட்டின் நடு ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டுத் தொங்க விடுங்கள். மறு கையின் விரல் முட்டியால் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே மெல்லத் தட்டுங்கள். பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதேதான். முழுத்தட்டு தெளிவாக ஒலிக்கும். முடி போன்ற விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும், அல்லது கரகரக்கும். சுற்றிலும் நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். விரிசல் தட்டு ஓடத்தான் செய்யும். ஆனால் சுற்றுக்கு ஒரு 'டிக்', அதாவது வினாடிக்கு 1.3 தடவை, பாட்டு முழுக்கக் கூடவே வரும். தட்டினால் சத்தமே எழும்பாமல் தட்டு கொஞ்சம் வளையவும் செய்தால் அது வழக்கமான அரக்குத் தட்டு அல்ல, பிற்கால வினைல் (பிளாஸ்டிக்) 78. ஒதுக்கி வைக்க வேண்டாம், பெரும்பாலும் சத்தம் சுத்தமாக இருக்கும்.

அடுத்தது தேய்மானம். தட்டைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடித்து, மொபைல் டார்ச்சை விளிம்புப் பக்கமிருந்து சாய்வாக அடியுங்கள். தேயாத வரிகள் கறுத்து மினுங்கும். தேய்ந்தவை சாம்பல் பூத்திருக்கும், அதிலும் குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில் வெளிறிய பட்டை விழும். எஃகு ஊசியை மாற்றாமல் ஓட்டியதன் விளைவு இது. தட்டின் கலவையில் அரக்கு மூன்றில் ஒரு பங்குகூட இராது. மீதி பெரும்பாலும் கல் தூள், அதோடு புகைக்கரி, பஞ்சுத் துகள். கல் தூள் ஊசியைத் தேய்த்துத் தடத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் முனை தட்டையாகி உளி மாதிரி ஆகிவிடும். அதே உளியோடு அடுத்த தட்டைப் போட்டால் சுவரைச் செதுக்கும். அதனால்தான் பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதியும், 200 ஊசி அடைத்த தகர டப்பியும். காசுக்குப் பார்த்து ஓர் ஊசியில் இருபது பாட்டு ஓட்டிய வீட்டுத் தட்டுகளே இன்று அதிகம்.

ரொம்பப் பளபளப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் சாம்பல் மறைந்துவிடும். வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு சுற்று அழுத்தித் துடைத்து, மோந்து பாருங்கள்.

லேபிளில் பெயிண்டால் எண்ணோ கடைப்பெயரோ எழுதியிருந்தால் அது ரேடியோ செட்காரர் கையில் இருந்த தட்டு. கல்யாணம், கோயில் கொடை என்று ஊர் ஊராகக் குழாய் ஒலிபெருக்கியில் ஓடியது. நாதசுரத் தட்டுகள் இப்படித்தான் தேய்ந்திருக்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை, எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் தட்டுகள் அப்படியொன்றும் அரிதல்ல, அந்தக் காலத்தில் அவ்வளவு விற்றன. தேயாத பிரதிதான் அரிது. நல்ல பிரதி கிடைத்தால் 200 கொடுக்கலாம், சாம்பல் பூத்ததற்கு 90 அதிகம்.

அந்த ஒருபக்கத் தட்டை முதலில் எடுத்துத் தனியாக வையுங்கள். கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது 1908இல். அதற்கு முன் இங்கே பதிந்ததை ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பி அங்கேதான் அச்சடித்தார்கள். லேபிளில் ஹனோவர் என்றிருந்தால், நாய்க்குப் பதில் தட்டின் மேல் உட்கார்ந்து எழுதும் சிறகு முளைத்த குழந்தை இருந்தால், அது அந்தத் தொடக்கக் காலம். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பாடகிகளின் பதிவுகள் அந்தக் காலத்தை ஒட்டியவை. விரிசல் இருந்தாலும் எடுங்கள்.

ஆங்கிலத் தட்டுகளைப் புரட்டாமல் விட்டுவிடாதீர்கள். பாண்டு வாத்தியமும் நடன இசையும் வந்த விலைக்குப் போகும். ஆனால் கல்கத்தாவில் 1940களில் அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டின் குழு பதித்த ஜாஸ் தட்டுகளை வெளிநாட்டில் தேடுகிறார்கள். பார்லோஃபோன் லேபிளில் பீட்டில்ஸ் 78 இருந்தால் அமைதியாக எடுத்துப் பையில் வையுங்கள். உலகம் 45க்கு மாறிய பிறகும், 1960களின் நடுவில், டம் டம்மில் 78 ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாட்டார் இந்தியத் தட்டைத் தேடுவது அதனால்தான்.

*

நாலாம்கட்டை:

பூஞ்சைக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம் சார். மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். எல்.பி.க்கு அதுதான் செய்கிறோம். பளிச்சென்று வரும்.

*

அரக்குப்பிசின்:

தயவுசெய்து மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். எல்.பி. வினைல், அதற்கு ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. 78 அரக்கு. தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தான். துடைத்ததும் பளிச்சென்று வருவது அழுக்குப் போனதால் அல்ல, மேல்தோல் கரைந்து மறுபடி படிந்ததால். தடத்தின் நுண்ணிய நெளிவுதான் பாட்டு. அது போனால் போனதுதான். பஞ்சில் கறுப்பு ஏறியிருந்தால் அதில் கொஞ்சம் பாட்டும் இருக்கிறது. ஸ்பிரிட்டோடு சானிடைசர், சென்ட், கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாம் விலக்கு. அம்மோனியா கலந்ததும் ஆகாது.

செய்ய வேண்டியது இது. பூஞ்சைத் தட்டை வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடியிலோ திண்ணையிலோ, காற்று உங்கள் பக்கம் வராதபடி உட்கார்ந்து, உலர்ந்த மென்மையான பெயிண்ட் பிரஷால் தடம் போகும் திசையிலேயே வட்டமாகத் தள்ளி உதிருங்கள். குறுக்கே இழுத்தால் தூசியைத் தடத்துக்குள் அடைப்பதாகிவிடும். பழைய உறையில் பூஞ்சை இருந்தால் அதில் தட்டைத் திரும்பப் போடக் கூடாது. தூக்கிப் போடுமுன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் கடையில் விற்றது, என்ன புதுத் தட்டு வந்தது என்று உறையில் அச்சடித்த விளம்பரத்தில்தான் இருக்கும். சில சமயம் தட்டை விட உறை சுவாரசியம்.

ஈரக் கழுவலுக்குத் தண்ணீர்தான் முக்கியம். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் தடத்துக்குள் உப்பு வெள்ளையாக நிற்கும், ஊசி அதில் ஏறி வெடிக்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்கள் (தண்ணீர்க் கேனைத்தான்; ஆசிட் கேனும் பக்கத்தில் இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள்). 1 லிட்டருக்கு நிறம், வாசனை குறைந்த பாத்திரம் கழுவும் திரவம் 2 அல்லது 3 சொட்டு போதும். நுரை பொங்கினால் அதிகம்.

லேபிள் சுமார் 8 செ.மீ. குறுக்களவு. காகிதம் நனைந்தால் மை கரையும், உப்பும். லேபிளை மூடுமளவு பிளாஸ்டிக் டப்பா மூடி இரண்டு எடுத்து, விளிம்பில் ரப்பர் வளையம் ஒட்டி, நடு ஓட்டை வழியாக நட்டு போல்ட் போட்டு இரண்டு பக்கமும் கவ்வ வையுங்கள். ரப்பர் படிய வேண்டும், அவ்வளவுதான். இறுக்கினால் தட்டு உடையும். பிறகு தட்டைக் கரைசலில் முக்க வேண்டாம். பிரஷில் எடுத்து ஒரு பக்கம் முழுக்கத் தடவி, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் தடத்தோடு நாலைந்து சுற்று. உடனே சும்மா டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசுங்கள். ஒரு பக்கம் ஈரமாக இருப்பது இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கலவையில் உள்ள பஞ்சுத் துகளும் மற்ற நிரப்பிகளும் தண்ணீர் குடித்து ஊதும். விளிம்பு உடைந்த தட்டும் விரிசல் தட்டும் சீக்கிரம் குடிக்கும். அவற்றை ஈரத்துணி ஒற்றலோடு நிறுத்துங்கள்.

மைக்ரோஃபைபர் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அடுக்களையில் தட்டு நிறுத்தும் கம்பி ஸ்டாண்டில் நிமிர்த்தி வையுங்கள். நிழல், மின்விசிறி, 4 மணி நேரம். வெயில் வேண்டாம். கறுப்புத் தட்டு சித்திரை வெயிலில் அப்பளமாகிவிடும்.

விதிவிலக்கு ஒன்று. கால் அங்குலக் கனத்தில் எடிசன் டயமண்ட் தட்டு என்று ஒரு வகை உண்டு. அதில் தண்ணீர் படவே கூடாது, உள்ளே இருக்கும் மாவு ஊதி மேல்தோல் பிளக்கும். இங்கே மிகக் குறைவு. அவ்வளவு கனமான ஒன்று கையில் சிக்கினால் உலர்ந்த பிரஷோடு நிறுத்துங்கள்.

*

நாலாம்கட்டை:

திருத்தத்துக்கு நன்றி சார். தச்சர் உதாரணம் சொன்னதும் உறைத்துவிட்டது.

*

பெட்டிச்சாவி:

அருமை. ஸ்பிரிட் பாட்டிலைத் தூரமாக வைத்துவிட்டேன். பாட்டைக் கேட்கும் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். கடையிலேயே சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்து வாங்கலாமா?

*

மோனோதடம்:

கிராமபோனில் போட்டுப் பார்ப்பது தட்டுக்குச் செலவு. சவுண்ட் பாக்ஸ் (ஊசி செருகும் ஒலிப்பெட்டி), அதைத் தாங்கும் கை எல்லாம் சேர்ந்து ஊசி முனையில் 100 கிராமுக்கு மேல் அழுத்தும். இன்றைய கார்ட்ரிட்ஜ் (டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் பகுதி) 78க்கு 3 முதல் 5 கிராம். கடைக்காரர் போட்டிருக்கும் ஊசி எத்தனை தட்டு கண்டதோ தெரியாது. அவசியம் பார்க்கத்தான் வேண்டும் என்றால், புது ஊசி கையோடு கொண்டுபோய், உங்களுக்கு வேண்டாத ஒரு தட்டைப் போட்டுக் கிராமபோனைச் சோதியுங்கள். 1950களின் கடைசியிலும் 60களிலும் வந்த தட்டுகளையும் வினைல் 78ஐயும் அதில் ஏற்றவே வேண்டாம். எடை குறைந்த பிக்அப்புக்காகச் செய்தவை, நாலைந்து ஓட்டத்தில் சாம்பலாகிவிடும்.

உங்கள் டர்ன்டேபிளே போதும், ஊசி மட்டும் மாற வேண்டும். எல்.பி. ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தடத்துக்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான், கடைக்காரர் மொழியில் 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்.பி. ஊசியைப் போட்டால் அது சுவரைத் தொடாமல் தடத்தின் அடிமட்டத்தில், அழுக்கின் நடுவே உருளும். பாட்டு சன்னமாக, இரைச்சல் பெரிதாகக் கேட்பது அதனால்தான். '78ம் ஓடும்' என்று விற்கிற சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் இருப்பதும் இந்த எல்.பி. ஊசிதான். வேகம் இருக்கிறது, ஊசி இல்லை. ஆடியோ-டெக்னிக்கா வி.எம்.95 வரிசை கார்ட்ரிட்ஜ் உங்களிடம் இருந்தால் வேலை சுலபம். அதன் எஸ்.பி. ஊசியை மட்டும் வாங்கி, பழையதை உருவிவிட்டு இதைச் செருகலாம். 5 கிராம் எடை வைக்க வேண்டும். எல்.பி.க்குத் திரும்பும்போது ஊசியோடு எடையையும் மாற்ற மறக்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். தடத்தின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் பழைய எஃகு ஊசி தேய்த்திருக்கும். 75 மைக்ரானில் கரகரக்கிற தட்டு, 65இல் கொஞ்சம் கீழே அல்லது 90இல் கொஞ்சம் மேலே, தேயாத சுவரைத் தொட்டுத் தெளிவாகப் பாடலாம். பழம்பதிவு சேகரிப்பவர்கள் நாலைந்து அளவு ஊசி வைத்திருப்பது இதற்காகத்தான். 120 தட்டுக்கு உங்களுக்கு ஒன்று போதும்.

வேகத்துக்குக் கணக்கு. 45இல் ஓட்டிக் கணினியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் எஃபெக்டில் 73.33 சதவீதம் கூட்டினால் 78. கோணிப்போய் ஊசி குதிக்கிற தட்டை 33இல் ஓட்டி 134 சதவீதம் கூட்டுங்கள். மெதுவாகச் சுழலும்போது குதிக்காது. பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவாகவே பதியுங்கள். பிறகு இடம், வலம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, எந்தச் சுவர் சுத்தமோ அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சமமாக இருந்தால் கூட்டி மோனோ ஆக்குங்கள், தட்டின் மேடுபள்ள இரைச்சலில் ஒரு பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஈக்வலைசேஷன், அதாவது பதியும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து உயர்ந்த ஒலியைக் கூட்டியதை ஓட்டும்போது திருப்பிச் சரிசெய்வது. உங்கள் ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் சிறிய ஒலியைப் பெருக்கும் கருவி) எல்.பி.க்கான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் போடுகிறது. அது 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் வெட்டும். 78இல் அந்த அளவுக்கு ஏற்றிப் பதியவே இல்லை. ஆகவே பாட்டுப் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். அதற்கு மேல், 45இல் ஓட்டி வேகம் கூட்டும்போது வளைவும் கூடவே நகரும், 500 ஹெர்ட்ஸில் வளைவு திரும்பும் இடம் 867க்குப் போய்விடும். ஆகவே வேகத்தை மாற்றுமுன் வளைவைக் கழியுங்கள். ஆடாசிட்டியின் ஃபில்டர் கர்வ் எஃபெக்டில் 50 ஹெர்ட்ஸுக்கு −17, 100க்கு −13, 500க்கு −2.6, 1,000க்கு 0, 5,000க்கு +8.2, 10,000க்கு +13.7. பிறகு வேகம். பிறகு வெடிப்புச் சத்தம் நீக்கல். இதை மேல்சுருதி வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும், இல்லையென்றால் மழுங்கிய வெடிப்பு மென்பொருள் கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக 78க்கான வளைவு. மின் பதிவு (மைக்ரோஃபோன் வழியாகப் பதிந்தது) என்றால் 300 ஹெர்ட்ஸில் +3, 150இல் +7, 75இல் +12, மேலே ஒன்றும் வேண்டாம். ஊது குழல் வழியாக நேரே பதிந்த பழைய தட்டுக்கு வளைவே கிடையாது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு விட்டுவிடுங்கள், அங்கே உறுமல் தவிர ஒன்றும் இல்லை.

இரைச்சல் நீக்கியை முழுக்கத் திருகாதீர்கள். தம்பூராவையும் அது இரைச்சல் என்றே நினைக்கும்.

*

ஊசிமுனை:

மின் பதிவா, குழல் பதிவா என்று எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பீர்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அது லேபிளில் உள்ள விற்பனை எண் அல்ல, பதிவு எண். பக்கத்துக்குப் பக்கம் வேறு. எச்.எம்.வி.யில் அந்த எண்ணின் பின்னால் சின்ன முக்கோணம் இருந்தால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை, சதுரம் இருந்தால் அதன்பின் வந்த ப்ளம்லைன் முறை. கொலம்பியாவில் வட்டத்துக்குள் ஆங்கில டபிள்யூ அல்லது சி. நான்குமே 1925க்குப் பிந்திய மின் பதிவு. எல்லாத் தட்டிலும் குறி இருக்கும் என்றில்லை. 'டம் டம்' என்று லேபிளில் இருந்தால் 1928க்குப் பிறகு அச்சானது. பதிவு அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம், பழைய அச்சை மறுபடி ஓட்டுவது வழக்கம். நாய், கொலம்பியாவின் ஸ்வரக் குறி, ஓடியனின் குவிமாடம், ட்வினின் இரட்டைக் குழந்தை என்று படம் வேறு வேறானாலும், 1931இல் ஈ.எம்.ஐ. இணைப்புக்குப் பிறகு இவை ஒரே குடும்பம்.

பாட்டு முடிந்ததும் ஊசியை உள்ளே இழுக்கும் கடைசிச் சுழி பழைய தட்டுகளில் கிடையாது. பாட்டு முடிந்த இடத்தில் தடமும் முடியும், ஊசி வழுக்கி லேபிள் மேல் ஏறும். அந்த ஒருபக்கத் தட்டை ஓட்டும்போது கையை லீவரிலேயே வைத்திருங்கள். கடைசி வினாடிகளைத் தவற விடாதீர்கள், பாடியவர் தம் பெயரைத் தாமே சொல்லி முடிக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. ஜெர்மனியில் லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. லேபிள் கிழிந்த தட்டை இப்படித்தான் அடையாளம் காண்பது.

வேகத்தைப் பற்றி மோனோதடம் சொல்லாமல் விட்டது ஒன்று. '78' என்பது பழைய தட்டுகளில் பேச்சுக்குத்தான். 1920களுக்கு முன் 74 முதல் 82 வரை எதுவும் இருக்கலாம், கொலம்பியா கொஞ்ச காலம் 80. ஒரு அரைக்கட்டை வித்தியாசம் என்பது சுமார் 6 சதவீதம்; 78இல் ஓட வேண்டியதை 82.6இல் ஓட்டினால் நாலு கட்டை நாலரையாகும். ஆர்மோனியம் கூட வாசித்திருந்தால் உதவும், அதன் சுருதி கட்டைக்குக் கட்டை நிற்கும். ஆனால் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் வேறுபடும், ஆகவே சத்தியம் பண்ண முடியாது. வெறும் தம்பூரா என்றால் ஊகம்தான். அப்போது குரலின் இயல்பைக் காதால் பாருங்கள். கமகம் எலி ஓடுவது மாதிரி இருந்தால் வேகம் அதிகம். ஒரே நாளில் பதிந்த பக்கங்களைப் பதிவு எண் வரிசையில் அடுக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரே சுருதியில் நிற்கும் வேகம்தான் அநேகமாகச் சரி.

78 வேகம் உள்ள டர்ன்டேபிள் பிற்பாடு வாங்கினால், 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாள் (சுழலும் தட்டின் மேல் வைத்து வேகம் சரிபார்க்கும் வட்டத் தாள்) வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் 77 கோடு அசையாமல் நின்றால் 77.92 சுற்று. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கத் தாளில் 92 கோடு இருக்கும், அது 60 ஹெர்ட்ஸுக்கு. சிவப்பாக மினுங்கும் பழைய நியான் இரவு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல எல்.ஈ.டி. பல்பு துடிக்காது, கோடு தெரியாது.

நாடக செட். ஒவ்வொரு பக்கத்திலும் பாக எண் இருக்கும். மூன்று தட்டில் என்னென்ன பாகம்?

*

பெட்டிச்சாவி:

போனில் எடுத்த படத்தைப் பார்த்தேன். 1-2, 5-6, 7-8. நடுவில் 3-4 இல்லை. 8இல் மங்களம் என்று போட்டிருக்கிறது. ஒருபக்கத் தட்டில் ஹனோவர் என்று தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் தட்டின் மேல் உட்கார்ந்த தேவதை.

*

ஊசிமுனை:

அப்படியானால் நாலு தட்டு செட், 8 பக்கம், பக்கத்துக்கு 3 நிமிடம் கணக்கில் மொத்தம் 24 நிமிட நாடகம். 3-4 அதே கடையில் வேறு உறைக்குள் மாறிக் கிடக்க வாய்ப்புண்டு. உறையை நம்பாமல் 130 லேபிளையும் ஒரு தடவை பாருங்கள். கிடைக்காவிட்டாலும் மூன்றையும் எடுங்கள். குறைந்த செட் என்று சொல்லி விலை பேசலாம், அது நியாயமும்கூட. மிச்சம் ஒரு தட்டு என்றைக்காவது தனியாக வரும், விற்பனை எண் அடுத்தடுத்து இருப்பதால் தேடுவது எளிது.

*

அரக்குப்பிசின்:

கொண்டுவரும்போது ஒரு வார்த்தை. 10 அங்குலத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம். 50 சேர்ந்தால் 10 கிலோ. பெரிய பெட்டியில் எல்லாவற்றையும் அடைத்தால் தூக்கும்போதே அடி கழன்றுவிடும். 25, 30 வீதம் சின்ன அட்டைப் பெட்டிகளில், நிமிர்த்தி, ஆடாதபடி நெருக்கமாக. படுக்க வைத்து அடுக்கினால் பஸ் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது அடியில் உள்ளது போகும். 12 அங்குலத்தை 10 அங்குலத்தோடு கலக்காதீர்கள், நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான் முதலில் உடையும். கார் டிக்கியில் மதிய வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வீட்டிலும் நிமிர்த்தித்தான். அமிலமற்ற காகித உறை, 15 செ.மீ.க்கு ஒரு தடுப்புப் பலகை, வெளிச் சுவரை ஒட்டாத அலமாரி. பி.வி.சி. உறை ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையைத் திரும்ப வரவழைக்கும்.

கோணிய தட்டை நிமிர்த்த ஆசைப்பட்டால், முதலில் வேண்டாத சினிமாத் தட்டு ஒன்றில் கை பழகுங்கள். கழுவிக் காய வைத்துத்தான் தொடங்க வேண்டும். இளகும்போது தூசி இருந்தால் தடத்தில் பதிந்துவிடும். 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடி இரண்டுக்கு நடுவே வைத்துக் காலை வெயிலில் 10 நிமிடம். 50 டிகிரியை ஒட்டி அரக்கு இளகத் தொடங்கும், கண்ணாடியின் கனத்திலேயே தட்டு படியும். படிந்ததும் அப்படியே தூக்கி நிழலில் சமதளத்தில் வைத்து, மேலே நாலு புத்தகம், மறுநாள் காலை வரை பிரிக்கக் கூடாது. பாதி சூட்டில் பிரித்தால் பழையபடி கோணும். ஹனோவர் தட்டில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம். கோணல் இருந்தால் மோனோதடம் சொன்ன மாதிரி 33இல் ஓட்டிக்கொள்ளுங்கள்.

*

பெட்டிச்சாவி:

சனிக்கிழமை போகிறேன். டார்ச், வெள்ளைக் கைக்குட்டை, அட்டைப் பெட்டி நாலு, பாக எண் பார்க்க ஒரு நோட்டு எடுத்து வைத்திருக்கிறேன். 3-4 கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.